பிராஸ்ஃபீல்டு வீட்டு அட்டை விசிறி

"அப்பா என்ன தொழில் பண்றார்னு கேட்டா என்ன சொல்லுவே?"

ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்தான் அம்மா ரோண்டா இதைக் கேட்டாள். ஓட்டிக்கொண்டிருந்தது சித்தப்பாவிடம் இரவல் வாங்கிய பிக்கப் வண்டி. இதைவிட நீளமாக, பளபளவென்று, கறுப்பாக ஒரு வண்டி வீட்டில் சும்மாதான் நின்றது. செத்தாலும் அதில் வரமாட்டேன் என்று டார்பி ஒற்றைக்காலில் நின்றாள். செத்தால் அதில்தான் வந்தாக வேண்டும் என்று அப்பா சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை.

"குடும்பங்களுக்கு நிகழ்ச்சி நடத்திக் கொடுக்கிறார்னு சொல்லுவேன்."

"பொய் சொல்லப் போறே."

"எதும்மா பொய்? பூ ஏற்பாடு பண்றோம். நாற்காலி போடறோம். கார் அனுப்பறோம். வர்றவங்களை வாசல்ல நின்னு கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போறோம். கல்யாணத்துக்கு ஏற்பாடு பண்றவங்க வேற என்ன பண்ணிடறாங்க?"

"கல்யாணத்துல மாப்பிள்ளை எழுந்து நிப்பான்டி."

டார்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அலபாமாவின் பைன் மரங்கள் எதிர்த்திசையில், ஊர்ப் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தன. போகட்டும்.

அவர்கள் ஊரான டல்லி கிரீக்கில் சாவுக் காரியம் நடத்திக் கொடுக்க இருந்தது ஒரே இடம், 'பிராஸ்ஃபீல்டு அண்ட் சன்ஸ்'. பலகையில் 'சன்ஸ்' என்று இருந்ததே தவிர, இந்தத் தலைமுறையில் பிறந்து தொலைத்தது டார்பி ஒருத்திதான். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து வாசலில் நின்று வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தவள். அதுவரை பிரச்சினை இல்லை. பள்ளிக்கூடத்துக் கடைசி வருஷ நடன விருந்துக்கு அழைத்துப்போக வேண்டிய பையனின் கார் பழுதாகி, அப்பா பெரிய மனசு பண்ணி, "நம்ம வண்டியிலயே போலாம் வா, துடைச்சுப் பளிச்சுனு வெச்சிருக்கேன்" என்றதிலிருந்துதான் வினை பிடித்தது. இளஞ்சிவப்பு கவுனில் அவள் முன்சீட்டில். சவ ஊர்தி என்று கண்டதும் எதிரே வந்த கார் ஒவ்வொன்றும் மரியாதையாக ஓரங்கட்டி நின்றது. ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். ஒரு கிழவர் இறங்கி நெஞ்சில் கைவைத்து நின்றார். டார்பி அவருக்குக் கையசைத்தாள், அவர் ஆடிப்போய்விட்டார்.

மறுநாளிலிருந்து பள்ளியில் அவளுக்கு 'கடைசி சவாரி' என்று பெயர்.

ஆகவேதான் ஊர்க்காரன் ஒருவன்கூட விண்ணப்பிக்காத பல்கலைக்கழகம். ஆகவேதான் ரஷ் வாரம். கல்லூரி திறக்கும் முன்பே வந்து, மாணவிகளின் சங்க வீடுகளுக்கு வரிசையாக ஏறி இறங்கி, தங்களில் ஒருத்தியாகச் சேர்த்துக்கொள்ள மாட்டார்களா என்று பல்லைக் காட்டி நிற்கும் வாரம். ஒரு வீட்டில் சேர்ந்துவிட்டால் அவள் அந்த வீட்டுப் பெண். அப்புறம் கடைசியாவது சவாரியாவது.

விடுதி வாசலில் இறக்கிவிடும்போது அம்மா ஒரு தடித்த பொட்டலத்தை அவள் கைப்பையில் செருகினாள். பிரித்துப் பார்க்காமலே டார்பிக்குத் தெரிந்துவிட்டது. அட்டை விசிறிகள். ஒரு பக்கம் ஏரியில் இரண்டு அன்னங்கள். மறுபக்கம் கொட்டை எழுத்தில் கடைப் பெயர். கீழே ஐஸ்க்ரீம் குச்சி மாதிரி ஒரு கைப்பிடி. டல்லி கிரீக் சர்ச்சுகளில் பாதிரியார் பிரசங்கத்தை நீட்டும்போதெல்லாம் ஊரே இதைத்தான் விசிறிக்கொள்ளும்.

"அம்மா! இதை எதுக்கு..."

"வெயில்ல நிக்கணும்ல."

"எல்லாரும் பேட்டரி ஃபேன் வெச்சிருப்பாங்கம்மா. இதை எவளாவது பார்த்தா நான் தொலைஞ்சேன்."

ரோண்டா மகளின் காலரைச் சரிசெய்தாள். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. "குப்பையில போட்டுடாதே. உங்கப்பா உக்காந்து எண்ணிக் கட்டினார்," என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியேறினாள்.

டார்பி குப்பையில் போடவில்லை. பொட்டலத்தைப் பையின் அடியில் தள்ளி, மேலே பிளாஸ்திரி, சென்ட், மாற்றுச் செருப்பு என்று போட்டு மூடினாள். அடக்கம் செய்வது அவளுக்குப் பரம்பரைத் தொழில்.

*

அவளுடைய குழுவுக்கு வழிகாட்டியாக வந்தவள் ஹோலிஸ். மூன்றாம் வருஷ மாணவி, கழுத்தில் விசில். தான் எந்தச் சங்கத்துக்காரி என்பதை இந்த வாரம் முழுக்க மூச்சுவிடக் கூடாது என்பது வழிகாட்டிகளுக்கு விதி. அதைக் காப்பாற்றிக் காப்பாற்றி அவள் முகத்தில் ஒரு உளவாளிக்களை வந்திருந்தது.

"நல்லா கேட்டுக்குங்கடி," என்றாள் ஹோலிஸ், மரத்தடியில் எல்லோரையும் நிறுத்தி. "உள்ள போனா அஞ்சு 'ப' பேசக் கூடாது. பசங்க, பாட்டில், பைபிள், பணம், பாலிடிக்ஸ். பையை என்கிட்ட குடுத்துட்டு வெறுங்கையோட போகணும், வெறுங்கையோட வரணும். நீங்க அவங்களுக்கு எதுவும் குடுக்கக் கூடாது, அவங்க உங்களுக்கு எதுவும் குடுக்கக் கூடாது. போன வருஷம் ஒருத்தி ஸ்ட்ராவை வாயில வெச்சுட்டே வெளிய வந்துட்டா. ஸ்ட்ரா! அந்த வீட்டுமேல பிராது எழுதி, விசாரணை வெச்சு, அபராதம் போட்டாங்க."

'பிணம்' அந்த ஐந்தில் இல்லை என்பதை டார்பி கவனித்துக்கொண்டாள். யாருக்கும் தோன்றியிருக்காது.

முதல் வீட்டுக் கதவு திறந்ததும் அவள் பயந்தே போனாள். வாசல் நிறையத் தலைக்குமேல் தலையாக அடுக்கி வைத்தாற்போல் நூறு பெண்கள், கையைத் தட்டி, கதவைத் தட்டி, கூந்தலைச் சுழற்றி, தொண்டை கிழியப் பாடினார்கள். டார்பி வளர்ந்த வீட்டில் கதவு சத்தமில்லாமல் திறக்கும். பழக்கதோஷத்தில் தலையைத் தாழ்த்திக் கையைக் கட்டிக்கொண்டுவிட்டாள். பக்கத்தில் நின்றவள் விலாவில் இடித்தாள்: "சிரிடி!"

பேச்சும் அப்படித்தான் ஆயிற்று. சங்கத்துப் பெண் ஒருத்தி வந்து உட்காருவாள், பேசுவாள், சற்று நேரத்தில் இன்னொருத்தி வந்து அவள் தோளைத் தட்டி இடத்தைப் பிடித்துக்கொள்வாள். ஆள் மாறி ஆள் எடை போடும் ஏற்பாடு. மற்றவர்கள் படபடவென்று பொரிந்து தள்ள, டார்பி தலையை ஒரு பக்கம் சாய்த்து, எதிரில் இருப்பவள் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வாங்கி, தாழ்ந்த குரலில், "நீங்க எப்படி இருக்கீங்க?" என்பாள். வேறு மாதிரி கேட்க அவளுக்குத் தெரியாது.

அந்தக் கேள்வியை அந்தக் குரலில் அந்தப் பெண்களிடம் யாரும் கேட்டதே இல்லை போலிருக்கிறது. எடை போட வந்தவள் கண் கலங்கினாள். வீட்டு நாய்க்கு வயசாகிவிட்டது என்றாள். அடுத்தவள் வந்து தோளைத் தட்டினால், "போடி, நான் பேசிட்டிருக்கேன்ல," என்றாள். முறையே கெட்டுப்போய், ஒரு வீட்டில் டார்பியின் எதிரே மூன்று பேர் வரிசையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். மறுநாள் அந்த வீடு அவளைக் கூப்பிடவில்லை. "அந்தப் பொண்ணு போனதும் எங்க எல்லாருக்கும் மனசு பாரமாயிடுச்சு" என்று சொன்னதாகக் காதில் விழுந்தது.

கூப்பிட்டது மஞ்சள் வீடு. அதற்கும் மூன்று கிரேக்க எழுத்தில் கம்பீரமாக ஒரு பெயர் உண்டு. எல்லோரும் மஞ்சள் வீடு என்றுதான் சொல்வார்கள். அங்கேதான் ஆன்ஸ்லீ இருந்தாள். கடைசி வருஷ மாணவி, அந்த வீட்டு விருந்துகளுக்கெல்லாம் பொறுப்பு. சிரித்தால் மூக்கால் ஒரு பன்றிக்குட்டிச் சத்தம் வரும், அதற்காக வெட்கப்படவும் மாட்டாள்.

"உங்க வீட்டுல என்ன பண்றாங்க டார்பி?"

"நிகழ்ச்சி நடத்திக் கொடுக்கிறோம், மேம்."

"மேமா? எனக்கு இருபத்தொண்ணுதான்டி! என்ன நிகழ்ச்சி, கல்யாணமா?"

"கல்யாணத்தைவிடக் கொஞ்சம்... அமைதியா இருக்கும்."

"கலர் தீம்லாம் உண்டா?"

"பெரும்பாலும் கறுப்பு."

"கறுப்பா! எவ்வளவு ஸ்டைலு! சாப்பாடு?"

"அக்கம்பக்கத்துல எல்லாரும் ஆளுக்கொண்ணு சமைச்சுக் கொண்டு வந்துடுவாங்க."

"அய்யோ, கேக்கவே நல்லாருக்கே. முன்னாடியே புக் பண்ணிடுவாங்களா?"

"சில பேர் பண்ணுவாங்க," என்றாள் டார்பி, நெற்றியில் வேர்வை பூக்க. "நெறைய பேர் திடீர்னுதான்."

ஆன்ஸ்லீ மூக்கால் சிரித்தாள். எதற்குச் சிரித்தாள் என்று டார்பிக்குத் தெரியாது. ஆனால் பல நாளைக்கப்புறம் டார்பியும் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்தபின்தான், கையால் வாயைப் பொத்திக்கொள்ள மறந்துவிட்டது தெரிந்தது. அவர்கள் வீட்டில் சத்தமாகச் சிரிப்பது, பக்கத்து அறையில் யாரும் படுத்திருக்காத நாளில் மட்டும்தான்.

அந்த வீடு வேண்டும் என்று தோன்றியது அப்போதுதான். பசி மாதிரி தோன்றியது.

அடுத்த சுற்றுக்குள் ஆன்ஸ்லீ தமுக்கடித்துவிட்டாள். "இதுதான் நான் சொன்ன பொண்ணு. இவங்க குடும்பமே பெரிய பெரிய நிகழ்ச்சி நடத்தறவங்க. எல்லாம் கறுப்பு தீம்!" கேட்டவர்கள் எல்லாம் கேள்வி கேட்டார்கள். நடனம் உண்டா? இல்லை. இசை? உண்டு, ஆர்கன். அழைப்பிதழ்? செய்தித்தாளில் போடுவோம். பிரமித்துப்போனார்கள். தான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்று டார்பி தினமும் தூங்கப்போகும்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தூக்கம்தான் வரவில்லை.

*

கடைசிச் சுற்று. மிச்சமிருக்கும் வீடு இரண்டோ ஒன்றோ. டார்பிக்கு ஒன்றுதான். இதுவும் போனால் தனியாக விடுதி அறையில் உட்கார வேண்டியதுதான்.

ஹோலிஸ் பையை வாங்கும்போது கையில் எடை பார்த்தாள். "என்னடி இது, வாரம் பூரா இந்தப் பை இப்படிக் கனக்குது? என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல, மேம்."

"மேம்னு சொல்லாதே."

"சரி, மேம்."

மஞ்சள் வீட்டுக் கதவு இந்த முறை சத்தமே இல்லாமல் திறந்தது. உள்ளே திரைகளை இழுத்து மூடியிருந்தார்கள். எங்கு பார்த்தாலும் மெழுகுவர்த்தி. லில்லிப் பூ வாசனை. மூலையில் யாரோ பியானோவை மெதுவாக, சோகமாக வாசித்தார்கள். கறுப்பு உடையில் பெண்கள் வரிசையாக நின்று, கைக்குட்டையால் கண்ணோரம் ஒற்றிக்கொண்டிருந்தார்கள்.

வாரம் பூராவும் இறுகிக் கிடந்த டார்பியின் தோள் தானாக இறங்கியது. வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. போய்ச் சுவரோரமாக, கதவுக்குப் பக்கத்தில், இரண்டு கையையும் கோத்து நின்றுகொண்டாள். அது அவளுடைய இடம். வந்த பெண்கள் இரண்டு பேர் அவளிடம், "எங்க உக்காரணும்?" என்று கேட்டார்கள். முழங்கையை மெல்லப் பிடித்துக் கொண்டுபோய் உட்கார்த்தினாள்.

"நீ உக்காருடி, நீதான் விருந்தாளி," என்று ஆன்ஸ்லீ கிசுகிசுத்தாள்.

அப்புறம் கடைசி வருஷப் பெண்கள் ஒவ்வொருவராக மெழுகுவர்த்தியோடு முன்னால் வந்து, இந்த வீடு தங்களுக்கு என்னவாக இருந்தது என்று பேசி அழுதார்கள். நன்றாகவே அழுதார்கள். பட்டம் வாங்கி அட்லாண்டாவுக்கு வேலைக்குப் போவதற்கு இப்படியா என்று டார்பிக்கு முதலில் தோன்றியது. அப்புறம், போகிறவர்கள் போகிறவர்கள்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஆன்ஸ்லீயின் முறை வந்தது. அவள் வாயைத் திறந்தாள். எங்கோ மாடியில் 'தொம்' என்று ஒரு சத்தம். ஏசி ஒரு பெருமூச்சு விட்டு நின்றுபோயிற்று.

அலபாமாவில், ஆகஸ்டில், மூடிய அறையில், நூறு மெழுகுவர்த்தியோடு. ஜன்னலைத் திறக்கப் போனவள், பெயின்ட் அடித்தபோது சட்டத்தோடு சேர்த்து அடித்து ஒட்டிவிட்டது என்று கண்டுபிடித்தாள். சடங்கை நடுவில் நிறுத்துவது அந்த வீட்டில் கேள்விப்படாத விஷயம், அதனால் யாரும் நிறுத்தவில்லை. கறுப்பு உடை உடம்போடு ஒட்டியது. மஸ்காரா கன்னத்தில் ஆறாக ஓடியது. ஆன்ஸ்லீ பேசிக்கொண்டே போனாள். "இந்த வீட்டுல எனக்கு... எனக்குக் கெடச்சது..."

டார்பி அவள் சொல்வதைக் கேட்கவில்லை. அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வெளுத்துக்கொண்டு வந்தது. முழங்காலைப் பார்த்தாள், விறைத்துப் பூட்டியிருந்தது. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நெடுநேரம் நிற்பவர்கள் இப்படித்தான் விழுவார்கள். விழுமுன் ஒரு முறை லேசாகச் சிரிப்பார்கள்.

ஆன்ஸ்லீ லேசாகச் சிரித்தாள்.

டார்பி எப்படி அங்கே போனாள் என்று யாரும் பார்க்கவில்லை. ஒரு கையில் மெழுகுவர்த்தி, மறு கையில் ஆன்ஸ்லீ. தரையில் படுக்க வைத்து, காலை நாற்காலிமேல் தூக்கி வைத்து, பூஜாடித் தண்ணீரில் நனைத்த கைக்குட்டையைக் கழுத்தில் போட்டாள். "மெழுகுவர்த்தியெல்லாம் அணைங்க. திரையைத் திறங்க. எல்லாரும் உக்காருங்க. முட்டியை மடக்குங்க," என்றாள், அதே தாழ்ந்த குரலில். அத்தனை பேரும் சொன்னபடி செய்தார்கள்.

"விசிற ஏதாவது இருக்கா?" என்றாள் யாரோ. சடங்குக்காக ஒழித்த அறை, ஒருவரிடமும் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. வெறுங்கையோடு வர வேண்டும் என்பதுதானே விதி. ஓரத்தில் இன்னொருத்தி சாய்ந்தாள். அவள் பக்கத்தில் மற்றொருத்தி.

டார்பிக்குத் தெரியும், விசிறி எங்கே இருக்கிறது என்று. பிளாஸ்திரிக்கும் சென்ட்டுக்கும் மாற்றுச் செருப்புக்கும் அடியில். அதை எடுத்தால் என்ன ஆகும் என்றும் தெரியும். எதிரே கார்கள் ஓரங்கட்டி நிற்கும். தொப்பிகள் கழலும். ஒரு கணம், ஒரே ஒரு கணம், பேசாமல் கையாலேயே விசிறினாள். நினைத்து நினைத்து வெட்கப்பட அந்தக் கணம் ஒன்று போதும் அவளுக்கு.

அப்புறம் எழுந்து வெளியே ஓடினாள்.

"ஏய், உள்ள எதையும் எடுத்துட்டுப் போகக் கூடாது!" என்று ஹோலிஸ் விசிலை வாய்க்குக் கொண்டுபோனாள்.

"ஆளுங்க விழறாங்க, மேம்."

ஹோலிஸ் பொட்டலத்தைப் பார்த்தாள். மேலே இருந்த எழுத்தைப் படித்தாள். டார்பியின் முகத்தைப் பார்த்தாள். "நான் மரத்தைப் பார்த்துட்டிருக்கேன்," என்று திரும்பிக்கொண்டாள். "ஒண்ணு விடாம திரும்பி வந்துடணும்."

வரிசை வரிசையாக விநியோகித்தாள். பிறந்ததிலிருந்து செய்த வேலை, கை தானாக ஓடியது. அன்னம் வெளிப்பக்கம். ஆகவே விசிறுகிறவள் மூக்குக்கு நேரே கடைப் பெயர். அறை முழுக்க 'சரக் சரக்' என்று சத்தம் எழுந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அது மெதுவாயிற்று. எல்லோருக்கும் படிக்கத் தெரியும், அதுதான் சங்கடம்.

"'பிராஸ்ஃபீல்டு அண்ட் சன்ஸ்,'" என்று ஒருத்தி வாய்விட்டே படித்தாள். "'உங்கள் துயர வேளையில் உங்களுடன். கண்ணியமான இறுதிச் சடங்குகள். குளிர்சாதன வசதியுள்ள கூடம்.'"

விசிறிகள் நின்றன.

"அங்கயாவது ஏசி வேலை செய்யுதே," என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

தரையிலிருந்த ஆன்ஸ்லீ கண்ணைத் திறந்தாள். முகத்துக்கு மேலே ஆடிய அட்டையைப் பிடித்து நிறுத்திப் படித்தாள். "கறுப்பு தீம்," என்றாள் மெதுவாக.

"ஆமாம், மேம்."

"அக்கம்பக்கத்துல சமைச்சுக் கொண்டு வருவாங்க."

"ஆமாம்."

"நெறைய பேர் திடீர்னுதான்."

ஆன்ஸ்லீயின் தோள் குலுங்கத் தொடங்கியது. முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று டார்பி பழக்கதோஷத்தில் ஒரு கைக்குட்டையை நீட்டினாள். கைகளுக்குப் பின்னாலிருந்து பன்றிக்குட்டிச் சத்தம் வந்தது.

*

வெளியே ஹோலிஸ் விசிறிகளை எண்ணி வாங்கினாள். பொட்டலத்தின்மேல் டார்பியின் அப்பா எழுதியிருந்த எண்ணோடு ஒத்துப் பார்த்து இரண்டு முறை எண்ணினாள். "ஒண்ணு குறையுது. இது மேலிடத்துக்குத் தெரிஞ்சா அந்த வீட்டுக்கும் அபராதம், உன் கதையும் கந்தல். யார்கிட்ட இருக்கு?"

"தெரியலை."

"என்ன குடும்பம்டி உங்க குடும்பம்," என்றாள் ஹோலிஸ். கோபமா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. உளவாளி முகம்.

மறுநாள் மைதானத்தில் எல்லோருக்கும், எந்த வீடு சேர்த்துக்கொண்டது என்ற முடிவை வைத்து ஆளுக்கொரு உறை கொடுத்து, அதன்மேல் உட்காரச் சொன்னார்கள். ஒன்று, இரண்டு, மூன்று சொல்லும்வரை பிரிக்கக் கூடாதாம். ஆன்ஸ்லீ சிரித்தாளே, அது சேர்த்துக்கொள்கிற சிரிப்பா, பள்ளிக்கூடத்துச் சிரிப்பா? உறைமேல் உட்கார்ந்து டார்பி அதையே யோசித்தாள். வேர்வையில் உறை நனைந்துகொண்டிருந்தது. வெறும் காகிதமாக இருந்தால், எழுத்து அழிந்துபோனது என்று சொல்லிக்கொள்ளலாம்.

மூன்று சொன்னார்கள். சுற்றிலும் அலறல். அவள் பிரித்தாள். மஞ்சள் அட்டை.

ஓடினாள். செருப்பு ஒன்று கழன்றது, விட்டுவிட்டு ஓடினாள். மஞ்சள் வீட்டுப் புல்வெளியில் நூறு பேர் கத்திக்கொண்டு நின்றார்கள். படிக்கட்டில் ஆன்ஸ்லீ உட்கார்ந்து, ராணி மாதிரி, அன்னப் படம் போட்ட விசிறியால் விசிறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில், வாரம் பூரா பூட்டிய வாயைத் திறந்து மஞ்சள் சட்டையில் குதித்துக்கொண்டிருந்தவள் ஹோலிஸ்.

"அது... அது குறையுதுன்னு..." என்று மூச்சு வாங்கினாள் டார்பி.

"நான் மயக்கத்துல இருந்தேன். எனக்கு ஒண்ணும் தெரியாது," என்றாள் ஆன்ஸ்லீ. "ஏன்டி, முதல்லயே சொல்லியிருந்தா என்ன?"

"சேத்துக்க மாட்டீங்கன்னு..."

"இந்த வீட்டுல விருந்துன்னா ஒருத்தி மயங்குவா, ஒருத்தி அழுவா, ஒருத்தி சண்டை போடுவா. எங்களுக்கு உன்னை மாதிரி ஆள்தான்டி தேவை. இன்னும் இந்த விசிறி கெடைக்குமா? அடுத்த வருஷத்துக்கு?"

டார்பி வீட்டுக்குப் போன் போட்டாள். "அம்மா, சேத்துக்கிட்டாங்க. அப்புறம்... விசிறி ஒரு பெட்டி வேணும்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"அம்மா?"

"இருக்கேன், இருக்கேன். பெற்றோர் தினத்தன்னிக்குக் கொண்டு வர்றோம். ஆனா சித்தப்பா பிக்கப்பை வித்துட்டார் கண்ணு. நம்ம பெரிய வண்டிதான் இருக்கு. நீ பயப்படாதே, உங்க தெருவுக்கு அந்தப் பக்கமே நிறுத்திட்டு நடந்து வந்துடறோம்."

புல்வெளியில் ஆன்ஸ்லீ மூக்கால் சிரித்துக்கொண்டிருந்தாள். டார்பி அதைக் கொஞ்ச நேரம் கேட்டாள்.

"வாசல்லயே நிறுத்துங்கம்மா. இங்க ஒரு பொண்ணு, நம்ம வண்டியில ஒரு ரவுண்டு போகணும்னு கண்டிப்பா கேப்பா."

ரோண்டா தொழில்காரி. யோசித்துத்தான் கேட்டாள்:

"முன்னாடியா, பின்னாடியா?"